ஞாயிற்றுக்கிழமை வலிக்காத தலை

கடைத்தெரு முனையில், மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது அந்தக் கண்ணாடிக் கடை. முன்பக்கம் முழுக்கப் பிரேம்கள், விளக்குகள், முகம் பார்த்துக்கொள்ள வரிசையாக நிலைக்கண்ணாடிகள். திரையை விலக்கிக்கொண்டு பின்னால் போனால் இருட்டான நீள அறை. ஒரு கோடியில் ஏற்றி இறக்கும் நாற்காலி, மறு கோடியில் வெளிச்சம் போட்ட எழுத்துப் பலகை. அந்த அறைதான் நம்மாளின் ராஜ்ஜியம். வருகிறவர்களுக்குக் கண்ணைச் சோதித்துப் பவர் எழுதிக் கொடுப்பவர். வெளியே எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். கடைக்குள் மட்டும் இன்னொரு பெயர் உண்டு. யோசனை சார்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. காலையில் டீக்கடைக்காரர் வாசலில் நின்று, “டீயா, காபியா?” என்று கேட்பார். மற்றவர்கள் வாயிலிருந்து பதில் வந்து, டம்ளரும் கைக்கு வந்துவிடும். நம்மாள் மட்டும் யோசிப்பார். காபி என்று சொல்லலாம். ஆனால் எல்லோரும் டீ சொல்லியிருக்க, தான் ஒருவன் காபி கேட்டால் அந்த மனுஷன் நமக்காக இன்னொரு நடை நடக்க வேண்டும். சரி, டீ என்று சொல்லலாம். நேற்றும் டீ குடித்தோம், வயிறு என்னவோ போல் இருந்தது. அது டீயால்தானா? இவர் இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குள் டீக்கடைக்காரர் தையல் கடையில் பாக்கி டம்ளர்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டிருப்பார். பாதி நாள் நம்மாளுக்குத் தண்ணீர்தான்.

முதலாளி வணக்கத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினால் போதும், அன்றைய பொழுது அவ்வளவுதான். நேற்று வாய் திறந்து வணக்கம் சொன்னார், இன்று ஏன் சொல்லவில்லை? பகல் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டிருந்துவிட்டு, சாயங்காலம் கடை சாத்தும்போதுதான் தெரியும், முதலாளிக்குப் பல்வலி என்று. வீட்டிலிருந்து மனைவி போனில் “சரி” என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பினால், அது கோபமான சரியா, களைத்த சரியா, வெறும் சரியா என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பார். வெறும் சரிதான் அது. எப்போதும் வெறும் சரிதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த இருட்டறைக்குள் நுழைந்ததும் இதே மனிதர் வேறு ஆளாகிவிடுவார். நாற்காலியில் உட்காருகிறவர்கள் பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி பயந்துபோய் உட்காருவார்கள். ஒரு லென்ஸைப் போட்டு, அதை மாற்றி இன்னொன்றைப் போட்டு, “முதல்ல போட்டதா, இப்பப் போட்டதா?” என்று கேட்டால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று விழிப்பார்கள். நம்மாள் அவ்வளவு இதமாகச் சொல்வார்: “யோசிக்காதீங்கம்மா. வாயில முதல்ல வர்றதைச் சொல்லுங்க. அதுதான் உங்க கண்ணு சொல்றது. அதுக்கப்புறம் வர்றதெல்லாம் உங்க மூளை சொல்றது. மூளைக்கு நான் கண்ணாடி போட முடியாது.”

அந்த அம்மாவும் சிரித்துவிட்டு, பட்டுப்பட்டென்று பதில் சொல்லி, பொருத்தமான கண்ணாடியோடு வீட்டுக்குப் போவார். இவர் அடுத்த ஆளைக் கூப்பிடுவதற்கு முன், வெளியே காத்திருக்கும் இரண்டு பேரில் யார் முதலில் வந்தது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

இவருக்கு வாய்த்த மனைவி நேர் எதிர். பார்சல் ஆபீசில் வேலை. மூட்டையும் பெட்டியுமாக வந்து குவிவதை, விலாசத்தைப் பார்த்த மாத்திரத்தில் அந்தந்த ஊருக்கான தொட்டியில் தூக்கிப் போட வேண்டும். கண் பார்க்கும்போதே கை போட்டுவிடும். வாழ்க்கையையும் அந்த அம்மாள் அப்படித்தான் நடத்தினார். கல்யாணப் பேச்சு வந்தபோது, இவர் தனக்குத் தகுதி உண்டா இல்லையா என்று நாள்கணக்கில் அலசிக்கொண்டிருக்க, “எனக்குப் பிடிச்சிருக்கு. அவர் யோசிச்சு முடிக்கட்டும், நான் அதுக்குள்ள புடவை எடுத்துடறேன்” என்று சொல்லி அனுப்பியவர்.

இருவருக்கும் குழந்தை பிறக்கவில்லை. வருடங்கள் ஓடின. ஒரு குழந்தையைத் தத்தெடுத்துக்கொள்ளலாம் என்று மனைவிதான் முதலில் சொன்னார். நம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘யோசிக்கலாம்’ என்றார். அவர் யோசித்து முடித்து, இருவருமாகக் குழந்தைகள் இல்லத்தில் பதிவு செய்து, அங்கிருந்தவர்கள் வீட்டுக்கு வந்து பார்த்து, காத்திருந்து, கடைசியில் ஒருநாள் போன் வந்தது. ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், வந்து பாருங்கள்.

போனார்கள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த வயது. தாழ்வான மேசையில் குனிந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மனைவி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். நம்மாள் எங்கே நிற்பது, எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, அந்தக் குழந்தை முனை உடைந்த பென்சிலை அவர் பக்கம் நீட்டினாள். அவ்வளவுதான்.

அந்தப் பென்சிலைச் சீவியிருக்கிறாரே மனுஷன்! ரொம்பக் கூராக இருந்தால் கையில் குத்திவிடும். மழுங்கலாக இருந்தால் கோடு தடிமனாகிவிடும். சீவினார், பார்த்தார், மறுபடி சீவினார், முனை உடைந்தது, திரும்பச் சீவினார். பாதிப் பென்சில் தூளாகிக் கீழே கிடந்தது. குழந்தை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “போதும், குடுங்க” என்று வாங்கிக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் மனைவி நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “எனக்குச் சம்மதம். உங்களுக்கு?”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றார் நம்மாள்.

மனைவி அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இல்லத்து நிர்வாகி அம்மா மட்டும் சொல்லியிருந்தார்: “வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவைச் சொல்லிடுங்க. நீங்க இல்லன்னா காத்துக்கிட்டு இருக்கற அடுத்த குடும்பத்தைக் கூப்பிடணும். பிள்ளையை ரொம்ப நாள் தொங்கல்ல விட முடியாது.”

இந்த முறை இவர் யோசனைக்கு ஒரு காரணம் இருந்தது. அது யாருக்கும் தெரியாது. ஒரு வருடமாக அவருக்குத் தலைவலி. காலையில் கடைக்கு வந்த சற்று நேரத்தில் வலது நெற்றிப்பொட்டில் தொடங்கும். மத்தியானத்துக்குள் புருவத்துக்கு மேல் ஏறி, சாயங்காலம் பிடரி வரை இறங்கிவிடும். முதலில் வெயில் என்று நினைத்தார். பிறகு தூக்கம் போதவில்லை என்று நினைத்தார். இன்னும் கொஞ்சம் நூல் பிடித்துக்கொண்டு போனார், தலைக்குள் கட்டி என்ற இடத்தில் போய் நின்றார். அங்கிருந்து திரும்பி வரவே இல்லை.

டாக்டரிடம் போகலாம். போனால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் குழந்தை விஷயத்தில் முடியாது என்று சொல்லியாக வேண்டும். சரி என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு, நாளைக்கே தனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஏற்கெனவே ஒருமுறை எல்லோரையும் பறிகொடுத்துவிட்டு வந்த பிள்ளை அது. அதற்கு ஓர் அப்பாவைக் கொடுத்து, அந்த அப்பாவையும் பிடுங்கிக்கொள்வதா? முடியாது என்றும் சொல்லலாம். சொன்னால், தரையில் உட்கார்ந்து அந்தக் குழந்தையின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. இரண்டு பக்கமும் சுவர். நடுவில் இவர், வலிக்கிற தலையோடு.

வியாழக்கிழமையும் வந்துவிட்டது. அன்று மத்தியானம் மழை தூறிக்கொண்டிருந்தது. கடையில் கூட்டம் இல்லை. நாற்காலியில் வயதான ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பதில் சொல்லிவிட்டார், வழக்கத்துக்கு மாறாக அன்று நம்மாளுக்குத்தான் அதில் நம்பிக்கை வரவில்லை. அதே இரண்டு லென்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். “தம்பி, எனக்குக் கண்ணாடியே வேணாம். இருக்கற கண்ணு போதும்” என்று எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

திரையை விலக்கிக்கொண்டு மிட்டாய் மேடம் உள்ளே வந்தார். குழந்தைகளுக்குக் கண் சோதிப்பதற்காகச் சில மாதங்களுக்கு முன்தான் கடையில் சேர்ந்தவர். அழுகிற குழந்தைகளுக்காகக் கோட்டுப் பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருப்பார். அதனால் அந்தப் பெயர். கிட்டத்தட்ட நம்மாள் வயதுதான். ஒரு வயது கூடவா குறைவா என்று கேட்டால் பதில் வராது, முறைப்புதான் வரும்.

நம்மாள் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தார்.

“என்ன சார், தலைவலியா?”

“லேசா.”

“லேசான வலிக்கு யாரும் செவுத்தைத் தாங்கிக்கிட்டு நிக்க மாட்டாங்க. எத்தனை நாளா?”

“ஒரு வருஷமா இருக்கு.”

“டாக்டர்கிட்ட போனீங்களா?”

“போகணும்.”

“எப்ப?”

“அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.”

மேடம் லென்ஸ் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டார். நம்மாளுக்கு என்ன தோன்றியதோ, ஒரு வருடம் மனைவியிடம் கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னார். அதுவும் குரலைத் தாழ்த்தி, யாரோ ஒட்டுக்கேட்பது மாதிரி: “தலைக்குள்ள கட்டி இருக்குன்னு நெனக்கறேன்.”

மேடம் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை இன்றுவரை கையெடுத்துக் கும்பிடலாம் என்பார் நம்மாள். “தினமும் வலிக்குதா?” என்று மட்டும் கேட்டார்.

“தினமும்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் இருக்காது.”

“ஏன்?”

“தெரியல. அன்னைக்குக் கொஞ்சம் நல்லா இருக்கும். திங்கக்கிழமை திரும்பவும் வந்துடும்.”

“ஏன் சார், கட்டிக்கு ஞாயித்துக்கிழமை லீவா?”

இத்தனை யோசித்தவர், இதை யோசித்திருக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க? எந்திரிச்சதுலேருந்து சொல்லுங்க.”

“என்ன பண்ணுவேன்... எந்திரிப்பேன். பல்லு தேய்ப்பேன். பழைய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்குவேன். வீட்டைக் கொஞ்சம்...”

“நில்லுங்க. எதுக்குப் பழைய கண்ணாடி?”

“இது புதுசுல்ல? வீட்டு வேலை செய்யறப்ப கீறல் விழுந்துட்டா?”

மேடம் கையை நீட்டினார். “கழட்டுங்க அதை.”

கண்ணாடியை வாங்கிக்கொண்டுபோய், லென்ஸின் பவரை அளக்கும் மெஷினில் வைத்துப் பார்த்தார். திரும்பி நம்மாளைப் பார்த்தார். மறுபடி மெஷினைப் பார்த்தார். “இந்தப் பவரை எந்த மகராசன் எழுதிக் குடுத்தது?”

அந்தக் கதையை நான் சொல்லிவிடுகிறேன், நம்மாள் சொன்னால் பொழுது விடிந்துவிடும். ஒரு வருடத்துக்கு முன், வேறு வேலை கிடைத்துப் போய்விட்ட இன்னொரு பரிசோதகர்தான் இவரை அதே நாற்காலியில் உட்கார வைத்துச் சோதித்தார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். அது இவருக்குத் தலைகீழாகப் பாடம், கண்ணை மூடிக்கொண்டே கடைசி வரி வரை ஒப்பித்தார். சரி, லென்ஸ் மாற்றிக் கேட்கலாம் என்றால், பதில் சொல்வதற்குப் பதில் இவர் வாதம் செய்தார். ‘முதல்ல போட்டதுன்னுதான் தோணுது. ஆனா ரெண்டாவதுல எழுத்து இன்னும் கருப்பாத் தெரியுது. கருப்பாத் தெரிஞ்சா தெளிவுன்னு ஏமாறக் கூடாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சதால வேணும்னே வேண்டாம்னு சொல்றேனோ? அப்படின்னா ரெண்டாவதே சரியா இருக்கலாம்.’ அந்த மனிதர் பொறுமை இழந்து, இவர் கடைசியாகச் சொன்னதை எழுதிக் கொடுத்துவிட்டார். தினமும் அடுத்தவர்களுக்கு ‘யோசிக்காதீங்க’ என்று சொல்பவர், தனக்கென்று வந்தபோது யோசித்து யோசித்தே தப்பான கண்ணாடியைச் சம்பாதித்துக்கொண்டார். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவருக்கு மூக்கின் மேல் உட்கார்ந்திருந்ததைச் சந்தேகப்பட மட்டும் தோன்றவில்லை.

“உக்காருங்க” என்றார் மேடம்.

“நானே சொல்லிடறேன், முதல்ல வலது கண்ணுல...”

“நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது. உங்ககிட்ட நான் எதுவும் கேக்கப்போறதும் இல்ல.” பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, உறையைப் பிரித்து, நம்மாள் கையில் வைத்தார். “வாயில போட்டுக்கோங்க. அது கரையற வரைக்கும் பேச்சு கிடையாது.”

எழுத்துப் பலகை அணைந்தது. தூரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும். அதையே பார்க்கச் சொன்னார். கனத்த, வட்டமான சோதனைப் பிரேமை அவர் மூக்கில் மாட்டினார். கடைகளில் பார்த்திருப்பீர்கள், லென்ஸை மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பதற்கு வைத்திருப்பார்களே, சர்க்கஸ் கோமாளி போட்டுக்கொள்வது மாதிரி, அதுதான். பிறகு கைப்பிடி வைத்த ஒரு விளக்கைத் தன் கண்ணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அதன் மெல்லிய வெளிச்சத்தை அவர் கண்ணுக்குள் இப்படியும் அப்படியும் ஓட்டினார். பேசத் தெரியாத கைக்குழந்தைகளுக்கு இப்படித்தான் பார்ப்பார்கள். உள்ளே போன வெளிச்சம் திரும்பி வரும்போது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்தே எவ்வளவு பவர் வேண்டும் என்று தெரிந்துவிடும். கேள்வியும் வேண்டாம், பதிலும் வேண்டாம்.

இவருக்கும் அந்த வித்தை தெரியும். தனக்கு ஒருவர் செய்து இன்றுதான் பார்க்கிறார். யாரும் எதுவும் கேட்காமல், தான் எதையும் சொல்ல வேண்டியில்லாமல், வாயில் மிட்டாயோடு உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுகமாக இருந்தது! கடைசியாக எப்போது இப்படிச் சும்மா இருந்தோம் என்று அவருக்கு நினைவில்லை.

லென்ஸ்களைச் செருகி முடித்ததும் மேடம் எழுத்துப் பலகையைப் போட்டார். எழுத்துகள் அமைதியாக, அதனதன் இடத்தில் நின்றன. புருவத்தைச் சுருக்க வேண்டியிருக்கவில்லை. கண் எங்கோ போய்ச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது போல் இருந்தது.

“தேவைக்கு மேல ரொம்பப் பவர் ஏத்தி வெச்சிருக்கீங்க. ஒரு வருஷமா உங்க கண்ணு மூட்டை தூக்கிக்கிட்டே ஓடியிருக்கு. வலிக்காம என்ன பண்ணும்? இருந்தாலும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க, மனசு நிம்மதிக்கு.” விளக்கை அணைத்தார். “உங்க கண்ணு பொய் சொல்லல சார். அது ஒழுங்காத்தான் சொல்லியிருக்கு. நீங்கதான் நடுவுல பூந்து வக்கீல் வேலை பார்த்திருக்கீங்க.”

மிட்டாய் கரைந்துவிட்டது. நம்மாள் கண்ணில் தண்ணீர். சோதனைப் பிரேமைக் கழற்றாமலேயே எல்லாவற்றையும் கொட்டினார். குழந்தை, வெள்ளிக்கிழமை, மனைவி கேட்காமல் இருப்பது, எல்லாம். கொட்ட ஆரம்பித்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை.

“கட்டி இல்லன்னே வெச்சுக்குவோம் மேடம். அதோட முடிஞ்சுதா? அந்தப் பிள்ளைக்கு நாய்னா பயம். நாங்க கிளம்பறப்ப கூடவே வந்துச்சு, இல்லத்து வாசல்ல ஒரு நாயைப் பாத்துட்டு என் வீட்டுக்காரி பின்னால ஒளிஞ்சுக்கிச்சு. எங்க தெருவுல மூணு வீட்டுல நாய். பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமா ஒரு வழி இருக்கு, நாலு நாளா நடந்து பாத்துட்டேன், அங்க நாய் இல்ல, ஆனா மழை பேஞ்சா தண்ணி நிக்கும். அப்புறம் அந்தச் சின்ன ரூம்ல சுவிட்சு உயரத்துல இருக்கு, எட்டாது. எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டா கீழ எறக்கித் தர்றேங்கறாரு, ஆனா கீழ எறக்கினா கைவிரலை விட்டுடுமோன்னு...”

மேடம் இப்போது சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

“ஏன் சார், வேண்டாம்னு சொல்லப்போறவன் எவனாவது பள்ளிக்கூடத்துக்கு நாய் இல்லாத வழியைத் தேடி நாலு நாள் நடப்பானா?”

நம்மாள் அந்த நாலு நாளையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

“நீங்க இன்னும் முடிவு பண்ணலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. உங்க காலு எப்பவோ முடிவு பண்ணி நடக்க ஆரம்பிச்சிருச்சு.”

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று மேடம்தான் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். யோசனை சார் எழுந்தார். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, குடையை எடுக்கவில்லை, திரையை ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். மூக்கில் சோதனைப் பிரேம் அப்படியே இருந்தது.

அந்தக் கோலத்தில் கடைத்தெரு முழுக்க நடந்தார் மனுஷன். இரும்பு வளையம் இரண்டும், பக்கவாட்டில் திருகு இரண்டும், மேலே மழைத்துளியும். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தால் கூட வெளியே தலைகாட்டாதவர். தையல் கடைக்காரர் ஊசியோடு எட்டிப் பார்த்தார். டீக்கடையில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். நம்மாள் கண்ணில் யாருமே படவில்லை. அதாவது எல்லோரும் பளிச்சென்று தெரிந்தார்கள், ஆனால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது மட்டும் தெரியவில்லை.

பார்சல் ஆபீசில் வரிசை நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக வரிசையை மீறிக்கொண்டு முன்னால் போனார். கவுண்ட்டருக்குப் பின்னால் மனைவி பெட்டிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏங்க, என்னங்க இது மூஞ்சில?”

“பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடலாம்.”

மனைவியின் கை நின்றது. பிறகு, கையிலிருந்த பெட்டி ஏதோ ஒரு தொட்டியில் விழுந்தது. எந்தத் தொட்டி என்று அவர் பார்க்கவில்லை.

“எப்ப யோசிச்சு முடிச்சீங்க?”

“முடிக்கல. யோசிக்கறதை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன். கட்டியும் இல்லையாம்.”

“என்ன கட்டி?”

இங்கேதான் நம்மாள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். நின்ற நிற்பிலேயே ஒரு வருடக் கதையையும் சொல்லிவிட்டார். மனைவி கவுண்ட்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வந்த வேகத்தைப் பார்த்து வரிசையே ஓரடி பின்வாங்கியது. “ஒரு வருஷமா! பக்கத்துல படுத்துக்கிட்டு இருக்கறவ நான். என்கிட்ட சொல்லாம தனியா உக்காந்து செத்துக்கிட்டு இருந்தீங்களா?” என்று தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அடித்த கையாலேயே அவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். வரிசையில் நின்ற ஒருவர் தயங்கித் தயங்கி, “அம்மா, என் பார்சலு...” என்றார்.

“கொஞ்சம் இருங்கய்யா” என்றார் அந்த அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “எங்களுக்குப் பிள்ளை வந்திருக்கு.”

அன்றைக்கே நிர்வாகி அம்மாவுக்குப் போன் போட்டார்கள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார். புதுக் கண்ணாடி வந்தது, தலைவலி போன இடம் தெரியவில்லை.

யோசனை போய்விட்டதா என்று கேட்டால், எங்கே போகும்? டீயா காபியா என்பதில் இன்னும் தடுமாறுகிறார். ஆனால் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. தலை ரொம்பச் சுற்ற ஆரம்பித்தால், ‘நான் என்ன நினைக்கிறேன்’ என்று தன்னைக் கேட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டு, ‘இப்ப நான் என்ன செஞ்சுக்கிட்டு இருக்கேன்’ என்று பார்க்கிறார். பல நேரம் பதில் அதிலேயே இருக்கிறது. இல்லாத நேரம் மனைவியிடம் சொல்லிவிடுகிறார். சொல்லாமல் வைத்துக்கொள்வதில்லை. மனைவி அன்றைக்கு அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டு, மேலே நச்சரிக்காமல் காத்திருந்ததை இப்போதும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டாவது முறை கேட்டிருந்தால் பயத்தில் முடியாது என்று சொல்லியிருப்பேன் என்பார். மிட்டாய் மேடத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று வெகு நாள் யோசித்து, ஒருநாள் யோசிக்காமல், “நீங்க இல்லன்னா எனக்குப் பிள்ளை இல்ல மேடம்” என்று சொல்லிவிட்டார். மேடம் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, இந்த முறை தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

குழந்தையைக் கூட்டி வந்த நாளைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

அன்று காலை, கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு, நிர்வாகி அம்மா இருவரையும் தனியே கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். இதற்கு முன்னால் ஒரு பள்ளி விடுமுறையின்போது ஒரு வீட்டார் இவளை அழைத்துக்கொண்டு போனார்கள். விடுமுறை முடிவதற்குள் ஒத்துவரவில்லை என்று திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அதனால்தான் அதிகம் பேசமாட்டாள், தப்பாக நினைக்காதீர்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் குழந்தை, நடுவில் நம்மாள், இந்தப் பக்கம் மனைவி. குழந்தை தன் துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள். மேலே வைக்கிறேன் என்று மனைவி கேட்டதற்குக் கொடுக்கவில்லை. கடைகள் போயின, ஒரு பாலம் போனது. வெளியே பார்த்தபடியே கேட்டாள்:

“திரும்ப எப்பக் கொண்டாந்து விடுவீங்க?”

எதற்கும் சட்டென்று பதில் வைத்திருக்கும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“விட மாட்டோம்” என்றார் நம்மாள்.

“லீவு முடிஞ்சப்புறம்?”

“அப்பவும் விட மாட்டோம்.”

“நான் ராத்திரி அழுவேன்.”

“அழு. நாங்க எந்திரிச்சு வருவோம்.”

“தெனமும் அழுதா?”

“தெனமும் எந்திரிச்சு வருவோம்.”

ஒவ்வொன்றும் கேள்வி முடிவதற்குள் வந்த பதில். யோசிக்க அதில் ஒன்றுமே இருக்கவில்லை. நம்மாள் அதைக் கவனிக்கக் கூட இல்லை, மனைவிதான் கவனித்தார்.

குழந்தை இப்போது அவர் பக்கம் திரும்பி, முகத்தை நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஆற அமர யோசித்தாள். இவர் அவசரப்படுத்தவில்லை. பஸ் இரண்டு நிறுத்தங்களில் நின்று கிளம்பியது. பிறகு அவள் கையைத் தளர்த்தி, மடியிலிருந்த பையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

“இதைப் புடிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் நன்றாக நகர்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள்.